கரு கலைந்தவர்களிடம் என்ன பேசுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகப்பேறு வார்டில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். கரு கலைந்தோ, வயிற்றிலேயே குழந்தை இறந்தோ வந்து படுத்திருக்கும் பெண்கள் எங்களிடம் அதிகம் பேச மாட்டார்கள். அவர்களைப் பார்க்க வருகிறவர்கள்தான் வராந்தாவில் நிறுத்திக் கேட்பார்கள்: "உள்ளே போய் என்ன சிஸ்டர் சொல்றது?" அப்புறம் அந்தப் பெண்கள் மறுபரிசோதனைக்கு வருவார்கள். "வயித்து வலி எப்படிம்மா இருக்கு?" என்று நான் கேட்டால், யார் வந்தார்கள், என்ன சொல்லிவிட்டுப் போனார்கள் என்பதில்தான் பதில் தொடங்கும். அப்படிச் சொன்ன யாரும் கெட்டவர்கள் இல்லை. அவள் நல்லா இருக்க வேண்டும் என்று நினைத்து, பஸ் பிடித்து, பழம் வாங்கிக்கொண்டு வந்தவர்கள்தான்.

திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே போட்டிருக்கிறேன்.

நேர்ல போய்ப் பார்க்கணுமா, இல்ல கொஞ்ச நாள் விட்டுடறது நல்லதா?

நெருங்கிய சொந்தம், நெருங்கிய தோழி என்றால் போங்கள். போவதற்கு முன் அவளுடைய கணவரிடமோ அம்மாவிடமோ "இப்ப வரலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்ள வேண்டாம். தூரத்துச் சொந்தம் என்றால் ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். அதற்குப் பதில் வராவிட்டாலும் அவள் படித்திருப்பாள்.

மற்ற சாவு வீடுகளுக்குப் போக நமக்கு ஒரு முறை இருக்கிறது. போய் உட்கார்ந்தால் போதும், பேச்சே தேவையில்லை. பந்தலும் மாலையும் பதினாறாம் நாளும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். கரு கலைந்த வீட்டில் இது எதுவும் கிடையாது. அதனால் வருகிறவர்கள் காய்ச்சல்காரரைப் பார்க்க வருவதுபோல ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக வந்து, அந்த வெறுமையைப் பேச்சால் நிரப்பப் பார்க்கிறார்கள். தப்பு அங்கேதான் தொடங்குகிறது. இதையும் ஒரு சாவு வீடாக நினைத்துப் போங்கள், பாதிப் பேச்சு தானாகக் குறைந்துவிடும்.

உள்ளே போனதும் முதல் வார்த்தை என்ன சொல்றது?

"கேள்விப்பட்டேன்மா. ரொம்பக் கஷ்டமா இருக்கு." இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. கையைப் பிடிக்கிற உறவென்றால் பிடித்துக்கொள்ளுங்கள். அவள் பேசினால் கேளுங்கள். ஸ்கேன் எடுத்த கதையை இரண்டாவது முறை சொன்னாலும் புதிதாகக் கேட்பதுபோலக் கேளுங்கள். அவள் அழுதால் "அழாதே, உடம்பு என்னத்துக்கு ஆகும்" என்று தடுக்க வேண்டாம். அழுவதால் அவள் உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை.

கால் மணி நேரம், அதிகம் போனால் அரை மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்புங்கள். ரத்தப்போக்கு இருக்கும், இடுப்பு வலிக்கும், அடிக்கடி எழுந்து போக வேண்டியிருக்கும். விருந்தாளி எதிரே உட்கார்ந்திருந்தால் அதற்குக்கூட அவள் கூச்சப்படுவாள்.

"போனது போகட்டும், அடுத்தது நல்லபடியா நிக்கும்"னு சொல்றது தைரியம் சொல்றதுதானே?

சொல்கிறவருக்குத் தைரியமாகத்தான் இருக்கும். அவள் அழுவது அடுத்த குழந்தைக்காக இல்லை, இந்தக் குழந்தைக்காக. தை மாதம் பிறக்கும் என்று கணக்குப் போட்டு, எந்த அறையில் தொட்டில் கட்டுவது என்றுகூட யோசித்து வைத்திருப்பாள். அந்தக் குழந்தையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே நாம் அடுத்ததற்குப் போய்விடுகிறோம். "இன்னும் வயசு இருக்கு", "நல்லவேளை, இப்பவே போச்சு", "ஒண்ணுதான் ஏற்கெனவே இருக்கே" எல்லாமே இந்த வகைதான்.

ஒரு முறை கரு கலைந்தவர்களில் பெரும்பாலானோருக்கு அடுத்த கர்ப்பம் நல்லபடியாகவே முடிகிறது என்பது உண்மை. அதை அவளே கேட்பாள். "எனக்கு இனிமே நிக்குமா?" என்று கேட்கும் நாளில் டாக்டர் சொல்லட்டும், நீங்களும் சொல்லுங்கள். அவள் கேட்பதற்கு முன்னால் சொன்னால் "சீக்கிரம் அழுது முடி" என்றுதான் அவள் காதில் விழுகிறது.

இது அவ்வளவு சகஜமா? எங்க காலத்துல இப்படி யாருக்கும் ஆனதில்லையே?

ஆகியிருக்கிறது. உண்டானது தெரிந்த கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்திலிருந்து இருபது வரை கலைந்துவிடுகின்றன. அதில் பெரும்பகுதி முதல் 12 வாரத்துக்குள். அந்தக் காலத்தில் வீட்டிலேயே பார்க்கிற கிட் இல்லை, ஸ்கேன் இல்லை. "இந்தத் தடவை நாள் தள்ளிப் போய், அப்புறம் நிறைய ரத்தம் போச்சு" என்று சொல்லி முடித்திருப்பார்கள். உங்கள் வீட்டுப் பாட்டியைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டுப் பாருங்கள். பெற்ற பிள்ளைகளை எண்ணும்போது தங்காத பிள்ளைகளையும் சேர்த்தே எண்ணுவார்.

28 வாரத்துக்கு மேல் வயிற்றிலேயோ பிரசவத்திலேயோ இறந்து பிறக்கும் குழந்தைகள் உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம். இதில் நம் நாட்டின் பங்கு பெரியது.

எதனால ஆச்சுன்னு கேட்கக்கூடாதா? காரணம் தெரிஞ்சாத்தானே அடுத்த தடவை ஜாக்கிரதையா இருக்கலாம்?

கேட்க வேண்டிய கேள்விதான். டாக்டரிடம் கேளுங்கள், அவளிடம் கேட்காதீர்கள். எதைத் தூக்கினாள், எங்கே போனாள், என்ன சாப்பிட்டாள் என்று அவளிடம் கேட்கும்போது, நீங்கள் விசாரிக்கிறீர்கள், அவள் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறாள். வார்டில் ஒரு பெண் ஸ்கேன் சீட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். குழந்தையின் வளர்ச்சி எட்டு வாரத்தோடு நின்றுவிட்டது என்று அதில் இருந்தது. அந்த எட்டாவது வாரத்தில் குடிதண்ணி கேனைக் குனிந்து தூக்கியது ஒரு நாள், மாமனாரோடு வாய்ச்சண்டை ஒரு நாள், பஸ்ஸில் நின்றுகொண்டே போனது ஒரு நாள். இந்த மூன்றில் எது என்று என்னைக் கேட்டாள். யாரும் விசாரிக்காமலே அவள் தனக்குத்தானே அவ்வளவு விசாரணை நடத்தி முடித்திருந்தாள். நாம் வெளியிலிருந்து கேட்கும் ஒவ்வொரு "ஏன்"னும் அந்தக் கணக்கில் போய்ச் சேர்கிறது.

மூன்றில் எதுவும் இல்லை. ஆரம்ப மாதங்களில் கலைவதில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம் குரோமோசோம் எண்ணிக்கையில் வரும் கோளாறு. கருமுட்டையும் விந்தணுவும் சேருகிற நேரத்திலேயே, பெரும்பாலும் தற்செயலாக நேர்ந்துவிடுவது அது. அம்மா என்ன செய்தாள், என்ன செய்யவில்லை என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மற்றவற்றில் சிலவற்றுக்குக் கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, தைராய்டு, ரத்தம் உறைவதில் கோளாறு, கர்ப்பப்பையின் அமைப்பு என்று காரணம் கிடைக்கும். பல சமயம் எவ்வளவு தேடினாலும் காரணம் கிடைக்காது.

ஆஸ்பத்திரியில் உண்மையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. அவளுடைய ரத்த வகை நெகட்டிவ்வா? அப்படியென்றால் ஆன்டி-டி ஊசி தேவையா என்று டாக்டரைக் கேளுங்கள். தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அடுத்த கர்ப்பத்துக்கு அது முக்கியம்.

பப்பாளி சாப்பிட்டா, வண்டியில போனா கலையும்னு பெரியவங்க சொல்றதுல உண்மையே இல்லையா?

பழுத்த பப்பாளியை வழக்கமாகச் சாப்பிடுகிற அளவில் சாப்பிட்டதால் கரு கலைந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. காயின் பால் எலிகளின் கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கிறது என்று சோதனைக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். அதனால் பச்சைக்காயைத் தவிர்க்கச் சொல்வதில் தப்பில்லை. எள், அன்னாசி, ஸ்கூட்டர் பயணம், மாடிப்படி, கணவரோடு சேர்ந்திருந்தது, அதிர்ச்சி, அழுகை: ஆரோக்கியமான கர்ப்பத்தை இவை கலைப்பதில்லை. சிகரெட், மது, டாக்டரைக் கேட்காமல் போடும் மாத்திரை ஆகியவற்றில் உண்மையிலேயே ஆபத்து உண்டு.

சரி, உண்மையிலேயே ஏதோ சாப்பிட்டிருந்தாள் என்றே வைத்துக்கொள்வோம். கலைந்த பிறகு அதை அவளிடம் சொல்லி யாருக்கு என்ன லாபம்? எச்சரிக்கை எல்லாம் அடுத்த கர்ப்பத்தில், டாக்டர் அறையில் சொல்லிக்கொள்ளலாம். ரத்தப்போக்கு நிற்பதற்கு முன்னால் அந்தப் பேச்சுக்கு இடமே இல்லை.

கண்ணு பட்டிருக்கும், மூணு மாசம் முடியறதுக்குள்ள எல்லார்கிட்டயும் சொன்னதாலதான்னு சொல்றோம். அது அவளைக் குறை சொல்றது இல்லையே?

ஊர்க் கண்ணைக் குறை சொல்வதாக நீங்கள் நினைக்கிறீர்கள். "வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா என் பிள்ளை தங்கியிருக்கும்" என்று அவள் எடுத்துக்கொள்கிறாள். "நேரம் சரியில்லை", "இவ ராசி அப்படி" என்பதும் அப்படியே. ராசியில்லாதவள் என்ற பேச்சு ஒரு முறை வீட்டுக்குள் வந்துவிட்டால், நல்லது கெட்டது ஒவ்வொன்றிலும் அது அவள் பின்னாலேயே வரும்.

திருஷ்டி சுற்றிப் போட்டால் மனசுக்கு ஆறுதல் என்றால் சுற்றிப் போடுங்கள். அதற்குக் காரணம் சொல்லிக்கொண்டு சுற்ற வேண்டாம். சாமி விஷயமும் இப்படித்தான். "சாமி கொடுத்தது, சாமியே எடுத்துக்கிச்சு" என்று அவள் சொன்னால் ஆமாம் என்று தலையாட்டுங்கள். அவள் சொல்லாமல் நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். அன்றைக்குச் சாமியிடமே கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ரெண்டு மாசக் கருதானே சிஸ்டர், அதுக்கா இவ்வளவு அழறா?

கிட்டில் இரண்டாவது கோடு தெரிந்த நிமிஷத்திலிருந்து அவள் அம்மா. ஆறு, ஏழு வார ஸ்கேனில் இதயம் துடிப்பதைத் திரையில் பார்த்திருப்பாள். சிலர் அந்தச் சத்தத்தைப் போனில் பதிவு செய்துகூட வைத்திருப்பார்கள். வெளியில் வயிறு தெரியவில்லை என்பதால் உங்களுக்கு அது இரண்டு மாசக் கரு.

எந்த மாதத்தில் போனது என்பதை வைத்துத் துக்கத்தை அளக்க முடியாது. "எங்க ஓர்ப்படி பொண்ணுக்கு நிறைமாசத்துல போச்சு, உனக்குப் பரவாயில்லை" என்று இன்னொருத்தியின் பெரிய துக்கத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாலும் இவளுடையது சிறியதாகிவிடாது. இனி யாரிடமும் சொல்லக்கூடாது என்று வாயை மூடிக்கொள்வாள், அவ்வளவுதான்.

நான் மாமியார். எனக்கும் ரெண்டு போயிருக்கு. என் கதையைச் சொன்னா அவளுக்கு ஆறுதலா இருக்கும்ல?

இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். கட்டாயம் சொல்லுங்கள். பட்டவர் வாயிலிருந்து வரும் வார்த்தைக்கு உள்ள மதிப்பு எங்கள் யார் வார்த்தைக்கும் கிடையாது. எங்கே நிறுத்த வேண்டும் என்பதில் மட்டும் கவனம் வேண்டும். "எனக்கும் ரெண்டு போச்சு கண்ணு. இன்னும் மறக்கல" என்பதோடு நிறுத்திக்கொண்டால் அது ஆறுதல். "நான் மறுநாளே களை எடுக்கப் போனேன், இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குத் தெம்பே இல்லை" என்று தொடர்ந்தால், அதே கதை அடியாக மாறிவிடுகிறது.

ஒரு மாமியார் உள்ளே வந்தார். தட்டில் ஆறிப்போன இட்லி இருந்தது. "சாப்பிடு" என்று சொல்லவில்லை. கட்டிலில் உட்கார்ந்து மருமகளின் தலையைக் கோதிக்கொண்டே, "மொதல்ல போனது பொண்ணு. பேர் எல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன். உங்க மாமாகிட்டகூட சொன்னதில்ல" என்றார். மருமகள் திரும்பிப் பார்த்து, "என்ன பேர் அத்தை?" என்று கேட்டாள். இரண்டு நாளில் அவள் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அது. அப்புறம் இரண்டு பேருமாக அந்த இட்லியைச் சாப்பிட்டார்கள்.

அன்றைக்கு உங்களை யாரும் அழ விடவில்லை, மறுநாளே வேலைக்கு அனுப்பினார்கள் என்றால், அது உங்களுக்கு இழைக்கப்பட்ட அநியாயம். அதே அநியாயம் அவளுக்கும் நடக்க வேண்டியதில்லை.

டிஸ்சார்ஜ் சீட்டுல 'அபார்ஷன்'னு போட்டிருக்கு. நாங்க கலைக்கவே இல்லையே?

மருத்துவத்தில் தானாகக் கலைவதையும் அந்தப் பெயரில் எழுதுகிற பழக்கம் இருக்கிறது. 'மிஸ்டு அபார்ஷன்' என்றால் குழந்தையின் துடிப்பு நின்றுவிட்டது, ஆனால் இன்னும் வெளியேறவில்லை என்று அர்த்தம். நீங்கள் கலைத்ததாக அர்த்தமே இல்லை. இந்தச் சொல் பெண்களைக் காயப்படுத்துகிறது, தானாகக் கலைவதற்கு வேறு சொல்லைப் பயன்படுத்த வேண்டும் என்று பிரிட்டனில் 1985-லேயே டாக்டர்கள் மருத்துவ இதழில் எழுதினார்கள். அங்கே மாற்றியும்விட்டார்கள். நம் ஊரில் இன்னும் பல இடங்களில் பழைய சொல்தான் ஓடுகிறது.

சீட்டைக் கையில் கொடுக்கும்போதே நாங்கள் இதை விளக்கிவிட வேண்டும். விளக்காமல் அனுப்பினால் வீட்டில் யாராவது படித்துவிட்டு, "கலைச்சிட்டியா?" என்று கேட்பார்கள். கேட்டும் இருக்கிறார்கள்.

நான் நர்சிங் மாணவி. ஆஸ்பத்திரியில நாம எதைக் கவனிக்கணும் சிஸ்டர்?

ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் "ஹார்ட் பீட் இல்ல, எழுதிக்கோ" என்று சொல்வதை முதலில் நிறுத்த வேண்டும். படுத்திருப்பவளுக்கு அது அப்படித்தான் தெரியவருகிறது. ஜெல்லைத் துடைத்து, எழுப்பி உட்காரவைத்து, கூட வந்தவரை உள்ளே கூப்பிட்டு, முகத்தைப் பார்த்துச் சொல்ல இரண்டு நிமிஷம்தான் ஆகும். எவ்வளவு கூட்டம் இருந்தாலும் அந்த இரண்டு நிமிஷம் கிடைக்கும்.

பிரசவமானவர்கள் நடுவில் அவளுக்குக் கட்டில் போடாதீர்கள். வேறு கட்டில் இல்லையென்றால் ஓரத்தில் போட்டு ஒரு திரையாவது இழுத்து விடுங்கள். ஷிஃப்ட் மாறும்போது அடுத்து வருபவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். தெரியாமல் வந்து "என்ன குழந்தைம்மா?" என்று கேட்டுவிடுவார்கள்.

இன்னொன்றை யாருமே யோசிப்பதில்லை. கர்ப்பம் பதிவானதும் பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் பதிவு எண்) வாங்கியிருப்பார்கள். கலைந்ததை அதில் பதியாமல் விட்டால், பிரசவத் தேதி நெருங்கும்போது கிராம சுகாதார செவிலியர் தன் கடமைக்கு போன் செய்து "குழந்தை பிறந்துடுச்சா?" என்று கேட்பார். தகவலை அப்போதே சொல்லிப் பதிய வைத்துவிடுங்கள். வீட்டார் அவளுடைய போனில் உள்ள கர்ப்பகால ஆப்பை, அவளைக் கேட்டுக்கொண்டு, எடுத்துவிடலாம். குழந்தை போன பிறகும் "இந்த வாரம் உங்கள் குழந்தை எலுமிச்சை அளவு" என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும்.

எட்டு மாசத்துல இறந்து பிறந்துடுச்சு. அவகிட்டக் காட்டாம எடுத்துட்டுப் போறதுதானே நல்லது?

அதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். "பார்க்கணுமாம்மா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு முறை மெதுவாகக் கேளுங்கள், மனசு மாறியிருக்கலாம். பார்க்க வேண்டும் என்றால் குழந்தையைத் துடைத்து, துணியில் சுற்றி, எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கையில் கொடுங்கள். "முகம் பார்த்தா மறக்க மாட்டா" என்பார்கள். பார்க்காதவர்களும் மறக்கவில்லை. எப்படி இருந்திருக்கும் என்று வருஷக்கணக்காக யோசிக்கிறார்கள்.

28 வாரம் கடந்து இறந்து பிறந்தால் 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி அதைப் பதிய வேண்டும். சில அப்பாக்களுக்கு அந்தப் பதிவே பெரிய ஆறுதல், தங்கள் குழந்தை வந்து போனதற்கு அரசாங்கக் கணக்கிலும் ஒரு வரி இருக்கிறது என்று.

பால் பற்றியும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான்கைந்து மாதம் தாண்டி இழந்தவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் பால் சுரக்கும். யாரும் சொல்லாமல் விட்டு, நைட்டி நனைந்த பிறகு தெரிந்துகொள்ளும் பெண்கள் பயந்துபோகிறார்கள். பால் கட்டாமலிருக்க என்ன செய்வது, மாத்திரை வேண்டுமா என்று டாக்டர் சொல்வார். "பால் வீணாப் போகுதே" என்று யாரும் அவள் முன்னால் சொல்லிவிட வேண்டாம்.

அவ வீட்டுக்காரர்கிட்ட என்ன பேசுறது? அவர் நல்லாத்தான் இருக்காரு.

பில் கட்டுகிறார், மருந்து வாங்கி வருகிறார், அதனால் நன்றாக இருப்பதுபோலத் தெரிகிறது. வருகிறவர்கள் எல்லாம் "நீதாம்பா தைரியமா இருக்கணும், அவளைப் பார்த்துக்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவருக்கும் குழந்தை போயிருக்கிறது. வெளியில் கூட்டிப்போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "நீ எப்படிடா இருக்க?" என்று கேளுங்கள்.

ஆபீஸ்ல கூட வேலை பார்க்கிறவ திரும்ப வர்றா. ஒண்ணும் தெரியாத மாதிரி இருக்கிறதா?

தெரிந்ததைத் தெரியாததுபோல நடிக்க வேண்டாம். தனியாக இருக்கும்போது ஒரே ஒரு முறை "கேள்விப்பட்டேன். ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள். லஞ்ச் மேஜையில் பத்துப் பேர் நடுவில் கேட்கக்கூடாது. அவள் வராத நாளில் என்ன ஆச்சு என்று மற்றவர்களுக்கு விளக்குவதும் கூடாது.

மேலதிகாரியாக இருந்தால் லீவை யாசகம்போலக் கேட்க விடாதீர்கள். கரு கலைந்த நாளுக்கு அடுத்த நாளிலிருந்து சம்பளத்தோடு ஆறு வாரம் விடுப்பு என்பது 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்திலிருந்தே இருந்துவரும் உரிமை. குழந்தை இறந்து பிறந்தாலோ, பிறந்தவுடன் இறந்தாலோ மத்திய அரசின் பெண் ஊழியர்களுக்கு 60 நாள் சிறப்பு விடுப்பு உண்டு என்று 2022-ல் ஆணை வந்திருக்கிறது. "உடம்பு சரியில்லைன்னு போட்டுக்க, வெளியில் தெரிய வேண்டாம்" என்று அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்து ஒளிக்கச் சொல்வதும் ஒரு காயம்தான். அவள் வெட்கப்பட வேண்டிய காரியம் எதையும் செய்யவில்லை.

தங்கச்சிக்கு வளைகாப்பு வருது. அக்காவைக் கூப்பிடலாமா, வேண்டாமா?

கூப்பிடுங்கள். தங்கையே தனியாகக் கூப்பிட வேண்டும். "நீ வந்தா எனக்குச் சந்தோஷம். வர முடியலைன்னாலும் எனக்குப் புரியும்" என்று சொன்னால் இரண்டு வாசலும் திறந்திருக்கும். வராமல் இருந்தால் யாரும் பொறாமை என்று பேசக்கூடாது. வந்தாள் என்றால் வளையல் போட அவளையும் அழையுங்கள். சபையில் யாராவது ஒரு பெரியம்மா "அவ வேண்டாம்" என்று கண் காட்டுவார். அந்த நேரத்தில் அம்மாவோ மாமியாரோ எழுந்து அவள் கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டும். பிள்ளையை இழந்தவள் தொட்டால் இன்னொரு பிள்ளைக்கு ஆகாது என்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன், எந்த வீட்டிலும் யாரும் ஏற்கக்கூடாது.

இதுவும் சொல்லக்கூடாது, அதுவும் சொல்லக்கூடாதுன்னா வாயையே திறக்காம இருந்துடலாமா?

அதுவும் வலிக்கும். எதிரே வந்தால் வேறு தெருவில் திரும்பிவிடுகிற தோழியைப் பற்றியும் என்னிடம் சொல்லி அழுதிருக்கிறார்கள். இரண்டாவது கேள்விக்குச் சொன்ன ஒரு வரி எல்லோருக்கும் போதும். மேலே பேச வரவில்லை என்றால் காரியம் செய்யுங்கள். ரசம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள், மூத்த பிள்ளையைப் பள்ளியில் விட்டுக் கூட்டி வாருங்கள், மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கடைக்குப் போங்கள். "ஏதாவது வேணும்னா கூப்பிடு" என்றால் யாரும் கூப்பிட மாட்டார்கள். "நாளைக்கு ராத்திரிச் சாப்பாடு என் பொறுப்பு" என்று சொல்லுங்கள்.

நான் ஏற்கெனவே 'நீ ஜாக்கிரதையா இருந்திருக்கலாம்'னு சொல்லிட்டேன். இப்ப என்ன பண்றது?

போய்ச் சொல்லுங்கள்: "அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. உன் தப்பு ஒண்ணும் இல்லை. என்னை மன்னிச்சுக்கோ." நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன் என்று கூடவே விளக்கம் சேர்க்க வேண்டாம். உடனே சமாதானமாகிவிடுவாள் என்றும் எதிர்பார்க்காதீர்கள். ஒரு வருஷம் கழித்துப் போய்ச் சொன்னாலும் பயன் உண்டு. "உன் தப்பு இல்லை" என்ற வார்த்தையை, குறை சொன்னவர் வாயிலிருந்தே கேட்பது அவளுக்குப் பெரிய விஷயம்.

ஒரு வருஷம் ஆகப்போகுது. இப்ப அந்தப் பேச்சை எடுத்தா மறந்ததை ஞாபகப்படுத்தின மாதிரி ஆயிடாதா?

அவள் மறக்கவில்லை. குழந்தை பிறந்திருக்க வேண்டிய தேதி, கலைந்த தேதி இரண்டும் அவளுக்கு மனப்பாடம். அந்த நாளில் "உன்னை நினைச்சேன்" என்று ஒரு செய்தி வந்தால், தன் பிள்ளையை நினைக்க இன்னொரு ஆளும் இருக்கிறது என்று தெரியும். பேச விருப்பமில்லை என்றால் அவளே பேச்சை மாற்றுவாள், நீங்களும் கூடவே மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு வருஷம் ஆனாலும் கேட்கக்கூடாத கேள்வி "விசேஷம் ஏதாவது உண்டா?" என்பது. நல்ல செய்தி இருந்தால் அவள் சொல்கிற நாளில் தெரிந்துகொள்ளலாம்.

நாங்க எவ்வளவு பார்த்துப் பார்த்துப் பேசினாலும் அவ தேறல. எப்ப டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகணும்?

அழுகை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வந்து வந்து போவது இயல்புதான். நாளாக ஆக இடைவெளி கூடும். இடைவெளி கூடவே இல்லை, இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் சாப்பாடும் இல்லை, வீட்டு வேலையோ மூத்த பிள்ளையோ எதுவும் மனசில் ஏறவில்லை, "எல்லாம் என்னாலதான்" என்ற ஒரே பேச்சாக இருக்கிறது என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். "பைத்தியமா அவளுக்கு?" என்று வீட்டில் கேட்பவர்களிடம், உடம்பு பிரசவத்திலிருந்து மீள்வதுபோல மனசும் மீள மருந்தும் பேச்சும் தேவைப்படலாம் என்று சொல்லுங்கள்.

"நானும் அது கூடவே போயிருக்கலாம்" என்று சொன்னால் அதட்டாதீர்கள், சத்தியமும் வாங்காதீர்கள். "சாகணும்னு தோணுதாம்மா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் கூடவே இருந்து அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, கட்டணம் கிடையாது, நாள் முழுக்க எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அவள் பேச மறுத்தால், எப்படி நடந்துகொள்வது என்று கேட்க நீங்களே அந்த எண்ணைக் கூப்பிடலாம்.